ஆஷ் மரத்துக்கு ஊசி போடும் மாதம் கூட்டத்தில் முடிவாவதில்லை

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் உள்ள ரவுண்ஹவுஸ் தொகுதிகளின் நிர்வாகக் குழுக்களில் இருக்கும் தமிழ் உறவுகளுக்கு,

வணக்கம்.

நான் ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில் மரப் பராமரிப்பு வேலை செய்பவன். மரம் வெட்டுவது, கொப்பு கழிப்பது, அடிக்கட்டை அரைப்பது, ஊசி போடுவது என்று எல்லாம் செய்கிறோம். உங்களில் பலரை எனக்குத் தெரியும். ஒரேயொரு விடயம் சொல்லத்தான் இந்த மடல். உங்கள் தொகுதியில் இன்னும் உயிரோடு நிற்கும் ஆஷ் மரங்களைப் பச்சை வண்டிடமிருந்து காப்பாற்றும் ஊசிக்கு நீங்கள் ஒதுக்கும் காசில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதைச் செலவழிக்கும் மாதத்தில்தான் குறை.

வழக்கம் இப்படி. பனி உருகியதும் குழு கூடும். வேலி, தார் வெடிப்பு, புல்வெட்டும் ஒப்பந்தம் என்று பேச்சுப் போகும். மரத்தின் பேச்சு யூலையில், "அந்த மூலை மரம் உச்சியிலே வெறுமையாகக் கிடக்கிறது" என்று யாராவது மின்னஞ்சல் போட்ட பிறகுதான் வரும். பிறகு மூன்று விலைமனு கேட்பீர்கள். ஒருவர் கலியாணத்துக்கு லண்டன் போயிருப்பார், இன்னொருவர் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருப்பார், கையெழுத்து அவர்கள் வரும்வரை நிற்கும். செப்ரெம்பர் நடுப்பகுதியில் அழைப்பு வரும்: "தம்பி, காசு பாஸ் ஆகிவிட்டது. எப்ப வந்து ஊசி போடுவீர்?"

இந்த வருடம் போடமாட்டேன் என்று சொன்னால், எனக்கு வேலை செய்ய விருப்பமில்லை என்று நினைக்கிறீர்கள். அதனால் காரணத்தை ஆறுதலாக எழுதிவிடலாம் என்று பார்த்தேன்.

இந்தப் பச்சை வண்டு, ஆங்கிலத்தில் எமரால்ட் ஆஷ் போரர் என்பது, வடகிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது. சீனா, கொரியா, ரஷ்யாவின் தூரகிழக்குப் பகுதிகள் அதன் சொந்த இடங்கள். அங்குள்ள ஆஷ் இனங்கள் இதனோடு நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்து எதிர்ப்புப் பழகியவை. இங்குள்ளவற்றுக்கு அது இல்லை. 2002 இல் டெற்றோயிற்றிலும் அதே ஆண்டில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் வின்சரிலும் இதைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பல வருடங்கள் முன்பே, பொதி கட்டிய பலகைகளோடு கப்பலில் வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கணிப்பு. 2004 வாக்கில் சாதம்-கென்ற் பகுதியில், சென் கிளேயர் ஏரியிலிருந்து ஈரி ஏரி வரைக்கும் ஏறத்தாழ 10 கிலோமீற்றர் அகலப் பட்டை ஒன்றில் ஆஷ் மரங்களை முழுவதுமாக வெட்டிப் பார்த்தது கனடிய உணவுப் பரிசோதனை முகவரகம். வண்டு அதற்குமுன்பே அந்த எல்லையைத் தாண்டிவிட்டிருந்தது. 2007 இல் ரொறன்ரோவில் ஷெப்பேர்ட் கிழக்கும் 404 நெடுஞ்சாலையும் சந்திக்கும் பக்கம் அகப்பட்டது. அப்போது நகரத்தில் ஏறத்தாழ 8,60,000 ஆஷ் மரங்கள் இருந்ததாக நகரசபைக் கணக்கு. டச்சு எல்ம் நோய் என்ற பூஞ்சை நோயில் எல்ம் மரங்கள் செத்த இடங்களுக்கு மாற்றாக வீதி வீதியாக நட்டது இந்த ஆஷைத்தான். உங்கள் தொகுதியிலும் கட்டட நிறுவனம் நட்டுவிட்டுப் போனவை அதே வரிசையில் நிற்கின்றன.

மரத்தைக் கொல்வது வண்டு அல்ல, அதன் புழு. பறக்கும் வண்டு இலையின் ஓரத்தைக் கொறிப்பதோடு சரி. பட்டை வெடிப்புகளில் அது இடும் முட்டை இரண்டு கிழமைக்குள் பொரிக்கும். பொரித்த புழு பட்டையைத் துளைத்து உள்ளே போய், பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே உணவு ஓடும் மென்மையான படலத்தை வளைந்து வளைந்து தின்னும். பட்டையை உரித்தால் பாம்பு ஊர்ந்த தடம் தெரியும். யூலை தொடங்கி ஒக்ரோபர் வரைக்கும் இந்தத் தீனி நடக்கும். பிறகு கொழுத்த புழு உடம்பை மடித்துக்கொண்டு பட்டைக்குள்ளோ வெளி மரத்துக்குள்ளோ குளிர்காலத்தைக் கழிக்கும். ஏப்ரில், மே மாதங்களில் கூட்டுப்புழுவாகி, இலை வந்த பிறகு ஆங்கில "டி" எழுத்து வடிவில் 3, 4 மில்லிமீற்றர் ஓட்டை போட்டு வெளியே வரும். பொதுவாக ஒரு சுற்றுக்கு ஒரு வருடம். இன்னும் பலமாக இருக்கும் மரத்தில் இரண்டு வருடமும் எடுக்கும்.

ஆகவே செப்ரெம்பரில் நீங்கள் அழைக்கும்போது, அந்த வருடத்துப் புழு தின்றதில் பெரும்பங்கைத் தின்று முடித்திருக்கும். மரத்துக்கும் இலை உதிர்க்கும் காலம் நெருங்கியிருக்கும். மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போகாது, போனாலும் அடிக்க வேண்டிய பருவத்துப் புழு அங்கே இருக்காது.

அப்படியானால் எப்போது? இங்கே நாட்காட்டித் திகதியை விட நம்பகமான கணக்கு ஒன்று உண்டு. ஒரு நாளின் ஆகக் கூடிய வெப்பநிலையையும் ஆகக் குறைந்ததையும் கூட்டி இரண்டால் பிரித்து, அதிலிருந்து 10 ஐக் கழிக்க வேண்டும். பகல் 24, இரவு 12 என்றால் சராசரி 18, மீதி 8. கழித்தால் பூச்சியத்துக்குக் கீழே போகும் நாட்களைப் பூச்சியமாகவே எடுக்க வேண்டும். சனவரி முதலாம் திகதியிலிருந்து இப்படிக் கூட்டிக்கொண்டே வந்தால், மொத்தம் 250 க்கும் 300 க்கும் நடுவில் வரும்போது முதல் வண்டுகள் வெளியே வருகின்றன. 550 அளவில் பறப்பு உச்சம். ரொறன்ரோவில் சாதாரண வருடத்தில் முதலாவது யூன் முன்பகுதியிலும் இரண்டாவது யூலைத் தொடக்கத்திலும் வந்துவிடும். வெயில் முந்தினால் மே கடைசி. ஏரிக்கரைப் பக்கம் வசந்தம் குளிராகவே இருப்பதால், கிங்ஸ்ரன் வீதிக்குத் தெற்கே உள்ளவர்களுக்கு மார்க்கத்தைவிடச் சில நாள் பிந்தும்.

கணக்குப் போட நேரமில்லாதவர்களுக்குப் பூ இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரங்களிலும் பள்ளத்தாக்குச் சரிவுகளிலும் பிளாக் லோகஸ்ட் மரம் வெள்ளைக் கொத்துக் கொத்தாகப் பூத்து மணக்கும் நாட்கள்தான் வண்டு வெளியே வரத் தொடங்கும் நாட்கள். இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். அமெரிக்கப் பல்கலைக்கழக விரிவாக்கப் பிரிவுகள் விவசாயிகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் அடையாளம் இது. வன்னியில் காலபோக விதைப்புக்கு எங்கள் ஆட்கள் மழையைப் பார்த்தார்கள், கூட்டம் வைத்துத் திகதி குறிக்கவில்லை. அதே புத்தியைத்தான் இங்கேயும் கேட்கிறேன்.

இனி மருந்து. கனடாவில் இந்த வண்டுக்கு நாங்கள் பெரும்பாலும் போடுவது ட்ரீ-அசின். அதற்குள் இருப்பது வேப்பங்கொட்டையிலிருந்து எடுக்கும் அசாடிராக்டின். ஆம், எங்கள் வேம்புதான். கனடிய வனச்சேவையின் ஆராய்ச்சியோடு சேர்ந்து ஒன்ராறியோவிலேயே உருவான தயாரிப்பு இது. மரத்தின் அடியில் சுற்றிவர ஏறத்தாழ 15 சென்ரிமீற்றருக்கு ஒன்றாகச் சிறு துளை போட்டு, அழுத்தம் உள்ள சிறு குப்பிகளைப் பொருத்துவோம். மரம் வேரிலிருந்து தண்ணீர் இழுக்கும்போது மருந்தும் கூடவே ஏறும். புழு அதைத் தின்றால் தோல் உரிக்க முடியாமல் சாகும். இலையைத் தின்ற பெண் வண்டு இடும் முட்டைகளும் ஒழுங்காகப் பொரிக்காது.

"இழுக்கும்போது" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. இலை இல்லாவிட்டால் இழுப்பு இல்லை. அதனால் மே தொடக்கத்தில் போடுவதும் பயனில்லை. ஆஷ் மற்ற மரங்களை விடப் பிந்தித்தான் தளிர்க்கும். மே நடுவில் மேப்பிள் பச்சையாக நிற்க ஆஷ் மொட்டையாக நிற்பதைப் பார்த்து, செத்துவிட்டது என்று வெட்டச் சொன்னவர்களும் இருக்கிறார்கள். இலை முழுதாக விரிந்து, மண்ணில் ஈரம் இருந்து, காலை வெயிலும் இலேசான காற்றும் இருந்தால் மரம் மருந்தைச் சில நிமிடத்தில் குடித்துவிடும். வறண்ட மண்ணில், புழுக்கமான மேகமூட்டமான நாளில், அதே குப்பி மணிக்கணக்காகத் தொங்கும். யூனில் மழை குறைந்திருந்தால், நாங்கள் வருவதற்குச் சில நாள் முன்பு மரத்தடியில் குழாயை மெதுவாகத் திறந்துவிடச் சொல்லிக் கேட்பது அதற்குத்தான். அந்த ஒரு உதவியை யாராவது செய்து வைத்திருந்தால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

இலை விரிந்ததிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை போடலாம் என்பதுதான் நடைமுறை. ஆனால் யூன் நடுவிலிருந்து யூலை நடுவரைக்கும் உள்ள நாட்கள் தங்கம். அப்போது வண்டு இலை தின்றுகொண்டிருக்கிறது, முட்டை பொரிக்கிறது, புழு சின்னது. ஓகஸ்டில் போட்டால் புழு வளர்ந்து, தண்ணீர்க் குழாய்களையும் அறுத்திருக்கும். ஆஷ் மரம் தண்ணீரைப் பெரும்பாலும் ஆக வெளியே உள்ள புது வளையத்தால்தான் ஏற்றுகிறது. புழு அரிப்பதும் அதே இடத்தில். அரித்த பக்கத்துக்கு மருந்தும் ஏறாது.

அம்மா அப்பா சொல்வார்கள்: வேப்பெண்ணெய் கடையிலே இருக்கிறது, வாங்கித் தெளித்தால் என்ன என்று. என் வீட்டிலும் அதே கதைதான். கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஊரில் செய்தது சரி. இங்கே புழு பட்டைக்குள் இருக்கிறது. வெளியே தெளிக்கும் எண்ணெய் அதைத் தொடாது. நாற்பது அடி மரத்தின் இலைக்கு யார் தெளிப்பது என்பது வேறு கேள்வி. ஊசியும் நீங்களாகப் போடக்கூடியதல்ல, உரிமம் உள்ளவரே போட வேண்டும்.

ட்ரீ-அசின் பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. வண்டுப் பெருக்கம் உச்சத்தில் இருக்கும்போது ஒவ்வொரு வருடமும் போட வேண்டி வரும். இங்கேதான் உங்கள் தொகுதிகளில் அடிக்கடி நடக்கும் இன்னொரு குழப்பம். முகாமைத்துவ நிறுவனம் மாறும், பழைய கோப்பு போய்விடும், எந்த மரத்துக்கு எந்த வருடம் போட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு தொகுதியில் அடிமரத்தில் ஆறிப்போன துளைத் தழும்புகளைப் பார்த்துத்தான் வருடத்தை ஊகித்தோம். ஒரு தாளில் மரத்தின் இலக்கம், விட்டம், போட்ட திகதி, அளவு ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விட்டம் ஏன் என்றால் மருந்தின் அளவும் கூலியும் சென்ரிமீற்றர்க் கணக்கில்தான் வரும். விலைமனுவில் மரத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் போட்டிருந்தால் பிரித்துக் கேளுங்கள்.

எல்லா மரத்துக்கும் போடாதீர்கள். உச்சியில் 30 வீதத்துக்கு மேல் இலை போய்விட்டால் காசை வீணாக்க வேண்டாம். இதைப் பார்க்க வேண்டியது யூலையிலும் ஓகஸ்டிலும், இலை முழுதாக இருக்கும்போது. குளிர்காலத்தில் பார்க்க வேறொன்று இருக்கிறது. சனவரி, பெப்ரவரியில் மரங்கொத்திகள் கொழுத்த புழுவைத் தேடி வெளிப்பட்டையைச் செதுக்கும். கருஞ்சாம்பல் பட்டையில் வெளிறிய திட்டுகள் தெரிந்தால் உள்ளே கணிசமான புழு இருக்கிறது என்று அர்த்தம். நாய் கூட்டிக்கொண்டு நடப்பவர்கள் இதைக் கவனித்துச் சொன்னாலே போதும். "டி" ஓட்டையைத் தேடி நிலமட்டத்தில் குனிய வேண்டாம். அது முதலில் உச்சிக் கொப்புகளில்தான் வரும், தலை உயரத்தில் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

காப்பாற்ற முடியாததைத் தள்ளிப்போடவும் வேண்டாம். செத்த ஆஷ் சீக்கிரம் உலர்ந்து நொறுங்கும் தன்மை அடையும். இரண்டு குளிர்காலம் நின்ற மரத்தில் ஏற எங்கள் பையன்களை நான் விடமாட்டேன். தூக்கி இயந்திரம் கொண்டுவர வேண்டும், செலவு அங்கேதான் ஏறும். வெட்டுவதையும் கொப்பு கழிப்பதையும் ஒக்ரோபருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் வைத்தால் நல்லது. வண்டு பறக்காத காலம், நிலம் உறைந்திருந்தால் புல்லும் பழுதாகாது. ரொறன்ரோவில் தரையிலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றர் விட்டமோ அதற்கு மேலோ உள்ள தனியார் மரத்துக்கு நகரசபை அனுமதி வேண்டும். செத்துப்போன மரத்துக்கு அனுமதி தேவையில்லை என்றாலும், வெட்டுமுன் நகரசபைக்கு ஆதாரத்தோடு அறிவித்து உறுதி பெற வேண்டும். "செத்த மரம்தானே" என்று சனிக்கிழமை காலை வெட்டிவிட்டுத் திங்கள் என்னை அழைத்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது கேட்கப்படும் கேள்வி: "ஊரெல்லாம் ஆஷ் செத்துவிட்டதே, வண்டுக்கும் சாப்பாடு இல்லாமல் போயிருக்குமே, இனி ஏன் ஊசி?" நியாயமான கேள்வி. பெருக்கம் உச்சத்திலிருந்து இறங்கியது உண்மை. ஆனால் றூஜ் பள்ளத்தாக்கிலும் வேலியோரங்களிலும் பழைய அடிமரங்களிலிருந்தும் விதைகளிலிருந்தும் எழுந்த இளம் ஆஷ்கள் நிறைய. அவை விரலைவிட இரண்டு மடங்கு தடித்தாலே வண்டுக்குப் போதும். அதனால் வண்டு முற்றாகப் போகாது. குறைந்த பெருக்கத்தில் இடைவெளியை நீட்டலாமா என்பது மரத்தை ஒவ்வொரு கோடையும் பார்த்து எடுக்கும் முடிவு. பட்ஜெட் வரியை அழித்து எடுக்கும் முடிவு அல்ல.

இயற்கை பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கும் ஒரு சொல். 2013 இலிருந்து கனடிய வனச்சேவை, வண்டின் சொந்த இடத்திலிருந்தே கொண்டுவந்த சின்னஞ்சிறு குளவிகளை ஒன்ராறியோவில் விட்டுவருகிறது. அதில் டெட்ராஸ்டிகஸ் என்ற இனம் புழுவுக்குள் முட்டையிட்டு அதைத் தின்னும். நல்ல வேலை செய்கிறது, மெல்லிய பட்டை உள்ள இளம் மரங்களில். உங்கள் வாகனத் தரிப்பிடத்தில் நிற்கும் பெரிய மரத்தின் தடித்த பட்டைக்குள் அது முட்டையிடும் ஊசி எட்டாது. அந்தக் குளவி உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்து ஆஷுக்கு. இதில் எனக்குப் பிடித்தது வேறொரு உள்ளூர்க் குளவி. பேஸ்போல் மைதான மணலில் கூடு போட்டு, இந்தப் பச்சை வண்டையும் அதன் உறவுகளையும் பிடித்துக்கொண்டு வரும். யூலையில் ஆய்வாளர்கள் வலையோடு அந்த மணலில் காவல் இருந்து, குளவி என்ன கொண்டுவருகிறது என்று பார்த்துத்தான் சில இடங்களில் வண்டு வந்ததைக் கண்டுபிடித்தார்கள். எங்கள் பையன்கள் கிரிக்கெட்டுக்கு அந்த மைதானத்தைக் கேட்டு நகரசபையோடு மல்லுக்கட்டுகிறார்கள். குளவிக்கு ஒருவரும் அனுமதி கேட்கவில்லை.

கோடையில் முகாம் போகிறவர்களுக்கு: வெட்டிய ஆஷ் விறகை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு அல்கொன்குயின் பூங்காப் பக்கம் போக வேண்டாம். வெட்டிய மரத்துக்குள்ளும் புழு வளர்ந்து அடுத்த யூனில் வெளியே வரும். விறகையும் ஆஷ் மரத்தையும் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வெளியே கொண்டுபோவதற்குக் கனடிய உணவுப் பரிசோதனை முகவரகத்தின் சட்டமும் இருக்கிறது. அங்கேயே வாங்கி அங்கேயே எரியுங்கள்.

குழுக்களிடம் நான் கேட்பது இதுதான். ஓகஸ்ட் முடியுமுன் ஆஷ் மரங்களைப் பார்த்து இலக்கமிட்டு, எதை வைப்பது எதை வெட்டுவது என்று பிரித்துவிடுங்கள். விலைமனுவை நவம்பரிலோ டிசம்பரிலோ கேளுங்கள், அப்போது எங்களுக்கும் வேலை குறைவு, விலையும் பேசலாம். வெட்ட வேண்டியதைக் குளிர்காலத்தில் வெட்டுங்கள். ஊசிக்கான ஒப்பந்தம் மார்ச் முடிவதற்குள் கையெழுத்தாக வேண்டும், அதில் திகதிக்குப் பதிலாக "இலை முழுதாக விரிந்த பின், யூலை 15 இற்கு முன்" என்று எழுதுங்கள். தலைவர் ஊருக்குப் போனால் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

இந்த வருடம் தவறிவிட்டதென்றால் செப்ரெம்பரில் அவசரப்பட்டு யாரையும் கொண்டு போடுவிக்க வேண்டாம். அந்தக் காசை அப்படியே அடுத்த யூனுக்கு ஒதுக்கி வையுங்கள். பலமான மரம் ஒரு வருடம் பொறுக்கும். உச்சி மெலியத் தொடங்கிய மரம் பொறுக்குமா என்று இலை கொட்டுமுன் வந்து பார்த்துச் சொல்கிறேன், அதற்குக் காசு வேண்டாம்.

அன்புடன்,
மரவேலை செய்யும் ஒருவன்,
ஸ்காபரோ